கோட்டுப்பாலும் காசுதான்

விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. இரப்பர் மரங்களுக்கிடையே சிறு சிறு வெளிச்சங்கள் நகர்கின்றன. மரம் சீவும் தொழிலாளர்கள் நெற்றியில் கட்டியிருக்கும் விளக்குகள் அவை. ஒரு பெண் தம் நிரையின் முதல் மரத்தை அடைகிறார். உடனே கத்தியை எடுத்துச் சீவத் தொடங்குவார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவர் அப்படிச் செய்வதில்லை. முதலில் மரத்தின் வெட்டுக் கோட்டில் விரலை வைக்கிறார். முந்தைய முறை சீவியபோது வடிந்து, காய்ந்து, ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இரப்பர் இழையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உரித்து எடுக்கிறார். பிறகு மங்கின் அடியில் உறைந்து கிடக்கும் கட்டியைப் பெயர்க்கிறார். இரண்டையும் இடுப்பில் கட்டியுள்ள பையில் போட்டுக்கொள்கிறார். அதன் பிறகே கத்தி மரத்தில் படுகிறது.

மங்கு என்பது மரத்திலிருந்து வடியும் பாலைத் தாங்கும் சிறு கிண்ணம். வெட்டுக் கோட்டில் காயும் இழைக்குத் தோட்டத்து மக்கள் வைத்த பெயர் கோட்டுப்பால். மங்கில் உறையும் கட்டி, கட்டிப்பால். தரையில் சொட்டி மண்ணோடு சேர்ந்து உறைந்தது மண்பால். கழிவு என்று பொதுவாகச் சொல்லிவிடக்கூடிய ஒரு பொருளுக்கு மூன்று தனித்தனிப் பெயர்கள் இருப்பதைக் கவனியுங்கள். எறிந்துவிடும் பொருளுக்கு எவரும் இவ்வளவு அக்கறையாகப் பெயர் வைப்பதில்லை.

இந்தக் கட்டியும் இழையும் எப்படி உண்டாகின்றன? இரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் குழாய்கள் உள்ளன. பட்டையைச் சீவியதும் அவை திறந்துகொள்கின்றன. பால் முதலில் விரைவாக வடிகிறது. நேரம் ஆக ஆக வேகம் குறைகிறது. வெயில் ஏறினால் வடிவது மேலும் குறையும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டுக்குப் போய், பெயர் கொடுத்துவிட்டு, குளிர்ச்சி இருக்கும்போதே சீவி முடிக்க வேண்டியிருந்தது. கடைசி மரத்தைச் சீவி முடித்துச் சற்று ஓய்ந்த பிறகு, தொழிலாளர் மீண்டும் முதல் மரத்திலிருந்து தொடங்கி, மங்கிலுள்ள பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வருவார். மங்கைக் கவிழ்த்தால் போதாது. உட்புறத்தில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்துவிட வேண்டும். பால் எடுத்த பிறகும் மரம் உடனே நின்றுவிடுவதில்லை. இன்னும் சில சொட்டுகள் மங்கில் விழுந்துகொண்டே இருக்கும். அவை அங்கேயே உறைந்து கட்டிப்பாலாகின்றன. கோட்டில் தங்கியவை காய்ந்து கோட்டுப்பாலாகின்றன. அந்த இழை ஒரு வகையில் மரத்தின் புண்ணை மூடும் பொருக்கு போன்றது. அதை உரித்தால்தான் மறுநாள் சீவலுக்கு வழி பிறக்கும். எனவே உரிப்பது எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. உரித்ததைக் கீழே போடுவதா, பையில் போடுவதா என்பதுதான் கேள்வி.

ஒரு தொழிலாளரின் நிரையில் ஏறத்தாழ 500 மரங்கள் இருக்கும். ஒரு மரத்தின் கோட்டுப்பால் சில கிராம்தான். ஐந்து கிராம் என்று வைத்துக்கொள்வோம். 500 மரங்களுக்கு 2.5 கிலோகிராம்! கட்டிப்பால் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். கட்டுரைகளில் ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று எழுதி வைக்கிறோமே, தோட்டத்து ஸ்டோரில் அதைத் தராசில் வைத்தே பார்க்கலாம். பாலாக எடுக்கும் தோட்டங்களில்கூட, மொத்த விளைச்சலில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு இப்படி மரத்திலும் மங்கிலும் உறைந்த இரப்பராகவே கிடைக்கும். ஐந்தில் ஒரு பங்கு என்பது எறிந்துவிடக்கூடிய பங்கு இல்லை.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இரப்பர். மீதி பெரும்பாலும் நீர். கட்டிப்பாலிலோ நீர் வடிந்துவிடுகிறது. எனவே ஒரு கிலோ பாலைவிட ஒரு கிலோ கட்டிப்பாலில் இரப்பர் அதிகம். அப்படியிருந்தும் விலை குறைவாக இருந்தது. காரணம் அழுக்கு. பட்டைத் துணுக்கு, இலை, மணல், மழைநீர் எல்லாம் அதில் சேர்ந்துவிடும். வெண்மையான பாலை அமிலம் விட்டு உறைய வைத்து, உருளைகளில் அழுத்தி, புகைக்கூடத்தில் காயவைத்துச் செய்த தகடுகளுக்குத்தான் அன்று மதிப்பு. கோட்டுப்பாலையும் கட்டிப்பாலையும் வரிப்பள்ளம் வெட்டிய உருளைகளுக்கிடையே நீர் விட்டு அரைத்துக் கழுவி, பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான விரிப்புகளாக ஆக்குவார்கள். தரம் குறைந்த சரக்கு என்ற முத்திரை அதற்கு இருந்தது. ஆனால், அது ஒருபோதும் குப்பைக்குப் போகவில்லை. மரத்தடியில் உதிர்ந்த பட்டைச் சீவல்களைக்கூடச் சில தோட்டங்களில் பொறுக்கிச் சேர்த்தார்கள். அவற்றில் ஒட்டியிருந்த இரப்பரையும் இயந்திரம் பிரித்தெடுத்தது.

இந்தத் தரம் குறைந்த சரக்கின் கதை பின்னாளில் தலைகீழானது. 1965ஆம் ஆண்டில் மலேசியா இரப்பருக்குப் புதியதொரு தர முறையைக் கொண்டு வந்தது. அதுவரை இரப்பரின் தரத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். நிறம் எப்படி, குமிழி இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். புதிய முறையில் சோதனைக்கூடமே தரத்தைச் சொன்னது. இரப்பருக்குள் அழுக்கு எத்தனை விழுக்காடு என்று அளந்தார்கள். எஸ்.எம்.ஆர். 20 என்ற தரத்தின் எண் தொடக்கத்தில் அந்த அளவையே குறித்தது, 0.20 விழுக்காட்டுக்குமேல் அழுக்கு இருக்கக்கூடாது என்பது பொருள். கட்டிப்பாலைத் துண்டு துண்டாக நறுக்கி, நன்கு கழுவி, சிறு துணுக்குகளாக்கி, சூடான காற்றில் உலர்த்தி, கட்டிகளாக அழுத்தினால் இந்தத் தரம் கிடைத்துவிடும். டயர் செய்பவர்களுக்கு நிறம் முக்கியமில்லை. டயர் எப்படியும் கறுப்புத்தானே! இன்று மலேசியாவின் இரப்பரில் மிகப் பெரும் பகுதி சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் பாலாக விற்பதே இல்லை. மங்கிலேயே உறையவிட்டு, கட்டிப்பாலாகவே விற்கிறார்கள். பாட்டிமார் பையில் ஓரமாகச் சேர்த்த பொருள் இப்போது முதன்மை விளைச்சலாகிவிட்டது.

சரி, இரப்பர் வீணாகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனால், தோட்டத்தில் இரப்பரைவிட அருமையான ஒரு பொருள் உண்டு. அதுதான் பட்டை. பால் நாளை மறுநாளும் சுரக்கும். பட்டை அப்படி உடனே வளராது.

தேர்ந்த தொழிலாளர் ஒருவர் ஒரு முறைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டையைச் சீவுவார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவினால், மழை நாள்களையும் இலையுதிர் காலத்தையும் கழித்து, ஓர் ஆண்டில் ஏறத்தாழ 150 முறை சீவலாம் என்று கொள்வோம். 150 முறைக்கு 225 மில்லிமீட்டர், அதாவது 22.5 சென்டிமீட்டர் பட்டை செலவாகும். தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிச் சீவினால், மரத்தின் ஒரு பக்கம் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வரும். கை கனத்துப்போய், முறைக்கு இரண்டரை மில்லிமீட்டர் என்று சீவிவிட்டால்? அதே பக்கம் நான்கே ஆண்டுகளில் தீர்ந்துவிடும். பால் அதனால் கூடுதலாக வடியப்போவதில்லை. கூடுதலாகப் போன ஒரு மில்லிமீட்டர் வெறும் விரயம். சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து மறுபடி சீவும் பக்குவத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆழத்திலும் இதே கணக்கு உண்டு. பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் செறிந்திருக்கின்றன. மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. மிக ஆழமாகப் போனால் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள வளர்திசுவில் கத்தி பட்டுவிடும். புதுப்பட்டையை உண்டாக்குவது அந்த மெல்லிய அடுக்குதான். அதில் காயம் பட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். பிறகு அங்கே கத்தி ஒழுங்காக ஓடாது. வளர்திசுவுக்கு வெளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை மட்டும் விட்டு நிறுத்த வேண்டும். இதைச் செய்வது நெற்றி விளக்கின் மங்கலான வெளிச்சத்தில். ஒரு மரத்துக்குச் சில நொடிகளில். ஒரே காலையில் 500 முறை! தண்டல் வந்து பட்டையைத் தடவிப் பார்ப்பார். காயம் இருந்தால் திட்டு விழும், அபராதமும் விழலாம். ஆனால், நல்ல தொழிலாளர் திட்டுக்குப் பயந்து மட்டும் இப்படிச் சீவவில்லை. இந்த நிரைதான் அவருடைய நாளைய வேலை. மரம் கெட்டால் அவருடைய வாளியும் குறையும்.

பட்டையைக் காக்கும் இந்த முறை தொடக்கத்திலேயே இருந்ததில்லை. இரப்பர் மரத்தின் தாயகமான பிரேசிலில், காட்டு மரங்களைக் கோடரியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொத்தாமல், பழைய வெட்டின் ஓரத்தையே ஒவ்வொரு முறையும் மெல்லியதாகச் சீவினால் பால் தொடர்ந்து வருவதைக் கண்டறிந்தார். மரம் சாகாமல் ஆண்டுக்கணக்கில் பால் தருவதற்கு வழி இப்படித்தான் பிறந்தது. மலாயாவின் தோட்டத் தொழில் முழுவதும் ஒரு வகையில் பட்டைச் சிக்கனத்தின் மேல் எழுந்ததுதான். ரிட்லியின் பெயர் எல்லா வரலாற்று நூல்களிலும் இருக்கிறது. அந்தச் சிக்கனத்தை நாள்தோறும் கையால் செய்து காட்டிய தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் பெயர்கள் தோட்டத்துச் செக்ரோல் ஏடுகளில் மட்டும்தான் இருந்தன.

நிரையில் பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. லயத்து வீட்டுக்குள் வந்து பார்த்தால், ஒவ்வொரு பொருளும் இரண்டாவது, மூன்றாவது பிறவி எடுத்திருக்கும். மண்ணெண்ணெய் வந்த சதுரத் தகர டின்னின் மேல்மூடியை வெட்டிவிட்டு, குறுக்கே ஒரு கட்டையை அடித்தால் தண்ணீர் வாளி. அடி ஓட்டையானதும், நான்கு பக்கமும் பிரித்துத் தட்டி நிமிர்த்தினால் கோழிக்கூண்டுக்குச் சுவர். கெட்டிப்பால் டின் அரிசி அளக்கும் படியாகும். ‘இரண்டு டின் அரிசி போடு’ என்றால் அன்றைய பிள்ளைகளுக்கு அளவு புரிந்துவிடும். சாப்பாட்டுக் கடைகளில் அதே டின்னில் கயிறு கட்டிக் காப்பியைப் பொட்டலமாகக் கொடுத்ததும் உண்டு. கோதுமை மாவு வந்த துணிச் சாக்கை ஊறவைத்து வெளுத்தால் தலையணை உறை, அடுப்படித் துணி, பிள்ளைகளின் உள்ளாடை. எவ்வளவு வெளுத்தாலும் ஆலையின் முத்திரை மட்டும் முழுவதுமாகப் போகாது. தம் கால்சட்டையின் பின்புறத்தில் மாவு ஆலையின் பெயர் மங்கலாகத் தெரிந்ததைப் பற்றி இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் தாத்தாக்கள் இருக்கிறார்கள்.

சேலை கிழிந்தால் தொட்டில். தொட்டிலும் நைந்தால் மங்கு துடைக்கும் துணி. கணவரின் பழைய நீளக்கைச் சட்டைதான் மனைவிக்கு மலைக்குப் போகும் உடுப்பு. பால் கறை படிந்தால் போகாது என்பதால் நல்ல துணியை அங்கே உடுத்துவதில்லை. மிதிவண்டியின் பழைய உட்குழாயை வாராக வெட்டினால் விறகு கட்டலாம், வேலி கட்டலாம், தளர்ந்த கத்திப் பிடியை இறுக்கலாம். காற்றில் முறிந்து விழுந்த இரப்பர்க் கிளை அடுப்புக்கு. சோறு வடித்த கஞ்சி மாட்டுக்கு. மாட்டுச் சாணம் லயத்தின் பின்னால் இருந்த கீரைப் பாத்திக்கு. என் பாட்டி வைத்திருந்த சீவும் கத்தி ஒன்றைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தீட்டித் தீட்டி அதன் அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. வேலையை விட்ட பிறகும் அவர் அதை எறியவில்லை. தேங்காய்ச் சில்லை ஓட்டிலிருந்து பெயர்க்க வைத்துக்கொண்டார்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், அதாவது 1941ஆம் ஆண்டு இறுதி முதல் 1945 வரை, இந்தப் பழக்கம் உயிர் காக்கும் திறனாகவே மாறியது. கப்பல் போக்குவரத்து நின்றது. அரிசி வரவில்லை, துணி வரவில்லை. இரப்பரை வாங்க ஆளில்லை. தோட்டத்து மக்கள் மரவள்ளிக் கிழங்கை நட்டுத் தின்றார்கள். சணல் சாக்கை வெட்டி உடுத்திக்கொண்டார்கள். எதையும் எறிந்து பழகாதவர்களுக்கே அக்காலத்தைக் கடப்பது பெரும்பாடாக இருந்தது. சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாமலே போனவர்களும் அவர்களுள் பலர்.

இவ்வளவையும் சொல்லும்போது ஒன்றை மறைத்துவிடக்கூடாது. தோட்டத்து மக்கள் சிக்கனமாக இருந்தது பெருமளவுக்கு வேறு வழி இல்லாததால்தான். கூலி குறைவு. மாதச் சம்பளம் வருமுன்பே மளிகைக் கடையில் கடன் ஏறியிருக்கும். கோட்டுப்பாலின் எடைக்குக் கிடைத்த சில காசுகள் ஒரு பிள்ளையின் பென்சிலாகவோ ஒரு போத்தல் எண்ணெயாகவோ மாறின. அதனால்தான் ஒரு மரத்தைக்கூட உரிக்காமல் விட மனம் வரவில்லை. அந்தக் கோட்டுப்பாலும் அவர்களுக்குச் சொந்தமில்லை. அது தோட்டத்தின் சொத்து. எடை போட்டுக் கொடுத்தால் காசு. வெளியே கொண்டுபோனால் குற்றம். ஈர விறகைப் பற்றவைக்க ஒரு துண்டு இரப்பர் போதும் என்பது எல்லார்க்கும் தெரியும். அந்த ஒரு துண்டுக்காக அச்சத்தோடு வீடு திரும்பிய நாள்களும் இருந்தன. அவர்களுடைய சிக்கனத்தைப் பாராட்டும் நாம், அதற்குப் பின்னால் இருந்த குறைந்த கூலியையும் சேர்த்தே பாராட்டிவிடக் கூடாது.

மறுபயன்பாடு எப்போதும் நன்மையே தரும் என்றும் சொல்ல முடியாது. களைக்கொல்லி வந்த நெகிழிக் கலன்கள் பார்வைக்கு உறுதியாக, மூடியோடு, அழகாக இருக்கும். இவ்வளவு நல்ல கலனை எப்படி எறிவது என்று சிலர் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நஞ்சு அதில் தங்கியிருந்தது. அத்தகைய கலனை மூன்று முறை அலசி, அந்த நீரையும் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, மறுபடி எவரும் பயன்படுத்தாதபடி அடியில் துளையிட வேண்டும் என்பதே இன்றைய நடைமுறை. பழைய தலைமுறைக்கு இது மனம் ஒப்பாத செயல். நல்ல பாத்திரத்தில் யாராவது ஓட்டை போடுவார்களா? ஆனால் இங்கே ஓட்டை போடுவதுதான் சரி.

இன்னொன்று, உரச் சாக்கு. அது நெகிழி இழையால் நெய்தது. உரம் தீர்ந்ததும் கட்டிப்பாலை அள்ளிப் போட வசதியானது. காசு கொடுத்துப் புதுப்பை வாங்க வேண்டாமே என்பது நல்ல எண்ணம்தான். ஆனால், சாக்கு நைந்து அதன் இழைகள் கட்டிப்பாலில் ஒட்டிக்கொள்ளும். மணலைக் கழுவி நீக்கலாம். நெகிழி இழையை நீக்குவது மிகக் கடினம். அது டயர்வரை போனால் டயரின் வலிமை குறையும். வாங்குபவர் விலையைக் குறைப்பார். பைக்கான காசை மிச்சம் பிடித்து, சரக்கின் மதிப்பை இழந்த கதை இது. எதை மறுபடி பயன்படுத்தலாம் என்பதை அந்தப் பொருளின் இயல்பு தெரிந்துதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பொருளின் இயல்பு தெரியாமல் பல்லாண்டுகளாக நாம் வீணாக்கிய ஒன்றும் உண்டு. அது இரப்பர் மரமே!

மரம் 25 முதல் 30 ஆண்டுகள்வரை நன்றாகப் பால் தரும். பிறகு விளைச்சல் குறையும். மரத்தை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நட வேண்டும். வெட்டிய மரத்தை என்ன செய்வது? புகைக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகக் கொஞ்சம் போயிற்று. பினாங்கு, பிறையில் 1960களில் தொடங்கிய மலாயாவத்தா இரும்பு ஆலை, இரப்பர் மரக்கரியைக் கொண்டு இரும்பை உருக்கியது. ஆனாலும், பெருமளவு மரம் வெட்டிய இடத்திலேயே எரிக்கப்பட்டது. பாலில் ஒரு சொட்டையும் விடாத தோட்டங்கள், கட்டையைக் கூட்டம் கூட்டமாகக் கொளுத்தின. காரணம் அறியாமை மட்டும் அன்று. இரப்பர்க் கட்டையில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைக்கும். பலகையாக அறுத்து வைத்தாலும் மாவாக உதிர்ந்துவிடும். எனவே, ‘உதவாக்கட்டை’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் ஆய்வாளர்களும் பிறரும் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தனர். வெட்டிய மரத்தைக் காலம் தாழ்த்தாமல் அறுத்து, பலகைகளை மூடிய உருளைக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு உட்செலுத்தினால் பூஞ்சையும் வண்டும் அண்டுவதில்லை. பிறகு சூளையில் முறையாக உலர்த்தினால் பலகை வளையாமல் நிற்கும். இளமஞ்சள் நிறம், சீரான இழை, எளிதில் சாயம் ஏற்கும் தன்மை எனத் தளவாடங்களுக்கு வேண்டிய எல்லாம் அந்த ‘உதவாக்கட்டை’யில் இருந்தன. 1980களிலிருந்து மலேசியத் தளவாடத் தொழில் அந்தக் கட்டையை நம்பியே வளர்ந்தது. ஜொகூரின் மூவார் வட்டாரம் அதற்குப் பேர்போன இடமாயிற்று. வெளிநாட்டுச் சந்தையில் ‘மலேசிய ஓக்’ என்று பெயரிட்டு விற்றார்கள். ஓக் மரத்துக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை; விற்பவர்கள் வைத்த பெயர்தான். காட்டு மரத்தை வெட்டாமலே நாற்காலி செய்ய முடிந்தது என்பது இதில் கிடைத்த பெரிய இலாபம். நீங்கள் உட்கார்ந்து சாப்பிடும் நாற்காலியின் அடிப்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில், சிறு சிறு துண்டுகளைப் பல் போலக் கோத்து ஒட்டிய பலகையாக இருந்தால், அது இரப்பர் மரமாக இருக்கக்கூடும். அப்படித் துண்டுகளைக் கோப்பதும் வீணாக்காமல் இருப்பதற்கான வழிதான். மரத்தில் முடிச்சு உள்ள பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, நல்ல துண்டுகளை இணைத்து நீளப் பலகையாக்குகிறார்கள். பலகைக்கு ஆகாத மெல்லிய கிளைகளும் சிம்புகளும் நார்ப்பலகை ஆலைக்குப் போகின்றன.

இனி மிஞ்சுவது மரத்தூள் மட்டுமே. நாட்டின் பல சிற்றூர்களில் அதையும் வாங்க ஆள் இருக்கிறார்கள். இரப்பர் மரத்தூளோடு தவிட்டையும் சிறிது சுண்ணாம்பையும் கலந்து, நீர் தெளித்து, நெகிழிப் பைகளில் இறுக்கி, ஆவியில் வேகவைக்கிறார்கள். ஆறிய பிறகு காளான் வித்தை இடுகிறார்கள். பூஞ்சையை ஈர்த்துப் பலகையைக் கெடுத்த அதே இயல்புதான் இங்கே கைகொடுக்கிறது. காளானும் ஒரு பூஞ்சைதானே! சில வாரங்களில் பை முழுவதும் வெள்ளையாகிவிடும். வாயைத் திறந்து நீர் தெளித்தால், சிப்பிக் காளான் கொத்துக் கொத்தாக வெளிவரும். இரவுச் சந்தையில் பொட்டலம் போட்டு விற்கிறார்களே, அதில் பெரும்பகுதி இப்படி விளைந்ததுதான்.

பல முறை அறுவடை ஆன பிறகு பை தளர்ந்து, தூள் கறுத்துவிடும். காளான் வளர்ப்போர் பையைக் கிழித்து, தூளைக் கொட்டி மக்க வைக்கிறார்கள். ஒரு காலத்தில் லயத்தின் பின்னால் இருந்தது போன்ற கீரைப் பாத்திகளுக்குத்தான் அது போய்ச் சேருகிறது.